நகரி மலையிலிருந்து நம் வீட்டுக் குழாய் வரை

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'தண்ணீரும் நாமும்'. அது கடல் மாதிரி தலைப்பு. இருபது நிமிஷத்தில் நீந்த முடியாது. ஆகவே ஒரே ஓர் ஆற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிற்பகல் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. சங்க நிதியிலிருந்து அம்பத்தூர் பக்கத்து ஏரிக்கரைகளில் பத்தாயிரம் மரக்கன்று நடுவதாகத் தீர்மானம். நல்ல மனசோடு கொண்டுவந்த தீர்மானம்தான், அதில் ஐயமில்லை. ஆனாலும் கை தூக்குவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேட்டுவிட்டுத் தூக்குங்கள். முப்பத்தொரு வருஷம் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பிப்பெட்டும் பியூரெட்டுமாகக் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களிடம் 'உங்க ஊர் ஆறு எது?' என்று கேட்டால் பாதிப் பேர் 'ஆறா? இங்க ஏது சார் ஆறு?' என்பார்கள். மீதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூவம் என்பார்கள். நாம் குடிப்பதோ பெரும்பாலும் இன்னோர் ஆறு. அதன் பெயர் கொசஸ்தலையாறு. ஆந்திராவில் குசஸ்தலி என்பார்கள். பழைய ஆட்கள் கொற்றலையாறு என்றும் சொல்வதுண்டு. பூண்டியில் தேங்கி, கால்வாய் வழியே சோழவரமும் புழலும் வந்து, சுத்திகரிக்கப்பட்டு நம் குழாய்க்கு வருவது இந்த ஆற்றின் நீர்தான். 1996-இலிருந்து கண்டலேறு வழியாகக் கிருஷ்ணா நீரும் இதோடு கலக்கிறது. கூவம்கூட இதற்கு அந்நியம் இல்லை. கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையிலிருந்து ஒரு கிளை பிரிந்து கூவத்துக்குப் போகிறது. அதாவது, நாம் மூக்கைப் பிடிப்பதும் வாயில் ஊற்றிக்கொள்வதும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

இந்த ஆற்றுக்கு இரண்டு தாய்கள். ஒன்று, காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீர். அந்த ஏரிக்குப் பாலாற்று நீர் வருகிறது. ஆனால் பாலாற்றில் தண்ணீர் வந்தால்தானே! மற்றொன்று நகரியாறு. சித்தூர் மாவட்டப் பக்கத்து மலைக்காடுகளில் பிறந்து வருவது. ஒரு நல்ல வடகிழக்குப் பருவமழையில் பூண்டிக்குக் கிடுகிடுவென்று வெள்ளம் வருகிறது என்று ரேடியோவில் சொன்னால், அந்த மலைகளில் மழை கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ரயிலில் திருப்பதி போனவர்கள் எல்லோரும் நகரி மலையைப் பார்த்திருப்பீர்கள். மேலே சிவந்த பாறை செங்குத்தாக நிற்கும். கீழே சரிவு முழுக்கப் புதர்க்காடு. அதன் ஒரு முனைக்கு 'நகரி மூக்கு' என்று பெயர். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் கடலிலிருந்தே அந்த மூக்கைப் பார்த்துச் சென்னைக்கு வழி கண்டுபிடித்தார்களாம். அந்தப் பாறை குவார்ட்சைட் வகை. எளிதில் கரையாது. அதனால் அதன் மேல் ஓடிவரும் நீரில் உப்பு மிகக் குறைவு. வேலையில் இருந்தபோது மழைக்கு மறுநாள் அந்தப் பக்கத்து ஓடைகளில் நீர் மாதிரி எடுத்திருக்கிறேன். காட்டுச் சரிவிலிருந்து வரும் ஓடையின் நீர் கண்ணாடி. கொஞ்சம் தேயிலைச் சாயம் போல நிறம் இருக்கும், அது இலைச் சருகின் சாறு. அதே மலையின் இந்தப் பக்கம் மரம் போய்க் கல் உடைத்த சரிவிலிருந்து வரும் ஓடை செங்காவி. இரண்டு பாட்டிலையும் ஜீப்பில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். டிரைவர் பார்த்துவிட்டு, 'என்ன சார், ஒண்ணுல டீ, ஒண்ணுல தக்காளி ரசமா?' என்றார். மழை ஒன்றுதான், மலையும் ஒன்றுதான். வித்தியாசம் தரையில்.

காடு என்ன செய்கிறது? மழைத்துளி நேராக மண்ணில் மோதினால் மண்ணின் கண் அடைபடும். தண்ணீர் இறங்காது, மேலோடு மண்ணை வாரிக்கொண்டு ஓடும். இலையும் சருகும் அந்த அடியைத் தாங்கிக்கொள்கின்றன. வேர்களும் கறையான்களும் மண்புழுக்களும் மண்ணில் வழி போட்டு வைத்திருக்கின்றன. தண்ணீர் உள்ளே இறங்கி, மெதுவாக நடந்து, பல நாள் கழித்து ஓடையில் எட்டிப் பார்க்கிறது. இரண்டு மணி நேரத்தில் வரவேண்டிய வெள்ளம் பல நாள் ஊற்றாக வருகிறது.

இங்கே ஒரு கணக்குச் சொல்கிறேன். கணக்குப் பிரிவு நண்பர்கள் தூங்காமல் இருக்க உதவும். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் பத்து லட்சம் லிட்டர். கொசஸ்தலை வடிநிலம் மொத்தம் 3,727 சதுர கிலோமீட்டர். அதில் 877 ஆந்திராவில், 2,850 தமிழ்நாட்டில். அந்த 877-இல் ஒரு நாள் 100 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் ஆற்றுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். சுமார் 1,750 கோடி லிட்டர். ஏரிக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 620 மில்லியன் கன அடி. பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. ஆக ஒரே நாள் மழையில் பூண்டியில் ஐந்தில் ஒரு பங்கு! ஐந்தில் ஒரு பங்கு வருமா, ஐந்தில் இரண்டு பங்கு ஒரே ராத்திரியில் சேற்றோடு வந்து மதகைத் தட்டுமா என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சரிவில் காடு இருக்கிறதா, இல்லையா என்பது. 2021 நவம்பரில் அம்மப்பள்ளி அணை திறந்து பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

இதுவரை சொன்னது மரம் நடுகிறவர்களுக்குச் சாதகம். இனி சொல்லப்போவது அப்படி இல்லை.

'காடு வளர்த்தால் தண்ணீர் பெருகும்' என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். அது முழு உண்மை அல்ல. மரமும் குடிக்கிற ஜீவன்தான். இதை நம் தமிழ்நாட்டிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு புல்வெளிப் பள்ளத்தாக்குகளை உதகையிலுள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டின் ஓடையிலும் அளவைத் தடுப்பு கட்டி முதலில் சில ஆண்டுகள் சும்மா அளந்தார்கள். பிறகு 1972-இல் ஒன்றில் பெரும் பகுதியில் யூகலிப்டஸ் நட்டார்கள், மற்றொன்றைப் புல்லாகவே விட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட ஓடையில் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் மறுபடி தளிர்த்த இரண்டாம் சுழற்சியில் சுமார் 25 சதவீதம் குறைந்தது. வெள்ளம் தணிந்தது, ஆனால் கோடையில் ஊறும் நீரும் தணிந்துவிட்டது. ஊட்டிப் பக்கம் அணைகளை நம்பி மின்சாரம் எடுக்கும் மாநிலத்துக்கு இது சின்ன விஷயமா?

ஆகவே எந்த மரம், எந்த இடம், எதற்காக என்ற மூன்று கேள்வியும் வேண்டும். இயற்கையாக வளர்ந்த காட்டை வெட்டாமல் காப்பது ஒன்று. புல்வெளியிலும் ஏரி உள்வாயிலும் கொண்டுபோய்க் கன்று நடுவது முற்றிலும் வேறொன்று. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துக் கைதட்டுகிறோம்.

காட்டை வெட்டினால் நீரின் தரம் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஹப்பர்டு புரூக் என்ற மலைக்காட்டில் நடந்த சோதனை பேர்போனது. 1965 கடைசியில் ஒரு சிறு வடிநிலத்தின் மரங்கள் முழுவதையும் வெட்டி, மீண்டும் முளைக்காமல் மருந்தும் அடித்தார்கள். ஓடையில் தண்ணீர் கூடியது. பார்த்தீர்களா, அங்கேயும் அதே பாடம். ஆனால் நைட்ரேட் குடிநீர் வரம்பையே தாண்டிப் போனது. மரங்கள் உறிஞ்சி வைத்துக்கொண்டிருந்த தழைச்சத்து மண்ணிலிருந்து கழுவிக்கொண்டு வந்துவிட்டது. நியூயார்க் நகரத்தார் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். கேட்ஸ்கில் மலைப்பக்கத்து நீருக்குப் பெரிய வடிகட்டி நிலையம் கட்டுவதற்குப் பதிலாக, 1997-இல் மேட்டு நிலத்துக் கிராமங்களோடு ஒப்பந்தம் போட்டுக் காட்டையும் பண்ணைகளையும் பராமரிக்கப் பணம் கொடுத்தார்கள். குடிக்கிறவன் காசு கொடுக்க, மேலே இருப்பவன் காக்கிறான். நமக்கும் நகரி மலைக்கும் இடையே அப்படி ஒரு பேச்சே நடந்ததில்லை. நடுவில் மாநில எல்லை வேறு. 2022-இல் ஆந்திர அரசு கொசஸ்தலையின் மேல்பகுதியில் இரண்டு அணை கட்டப் போவதாகச் செய்தி வந்து, நம் முதலமைச்சர் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். அங்கேயும் வறண்ட வயல்கள் உண்டு, அவர்களுக்கும் தாகம் உண்டு. அதை மறந்துவிட்டு நாம் கோபப்படுவதில் அர்த்தமில்லை. ஆனால் அணைகளைப் பற்றி எழுதிக்கொள்கிற இரண்டு அரசுகளும் அந்த மலைச்சரிவைப் பற்றி எழுதிக்கொள்வதில்லை என்பது என் வருத்தம்.

பூண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1939-இல் சென்னை மேயராக வந்த சத்தியமூர்த்தி, உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயத்தில் விடாப்பிடியாக நின்று இந்த அணைக்கு வழி செய்தார். 1940-இல் வேலை தொடங்கி 1944-இல் முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1943-இலேயே காலமாகிவிட்டார். சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் மட்டும் இருக்கிறது. அதற்கு எழுபது வருஷம் முன்பே, தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் இதே ஆற்றை மறித்துச் சோழவரம், புழல் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் அது வடிகட்டாத தண்ணீர், திறந்த கால்வாய். மணல் வடிகட்டியும் மூடிய கால்வாயும் வந்தது 1914-இல்தான்.

ஆற்றின் மேலே ஓடும் நீர் பாதிக் கதை. மீதிப் பாதி மண்ணுக்கடியில். ஆரணியாறும் கொசஸ்தலையும் ஓடும் படுகையில், பழங்காலத்துப் பாலாறு விட்டுச்சென்ற மணல் அடுக்கு ஆழத்தில் கிடக்கிறது. நல்ல மணலில் ஒரு கன மீட்டருக்கு முந்நூறு லிட்டர் தண்ணீர் நிற்க இடம் உண்டு. 1960-களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு ஆராய்ந்து தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களில் கிணறுகள் போட்டு நகரத்துக்கும் ஆலைகளுக்கும் இறைத்தார்கள். இறைத்ததுக்கு ஈடாக இறங்கவில்லை. கடல் உள்ளே வந்தது. ஆரம்பத்தில் கரையிலிருந்து சில கிலோமீட்டரில் நின்ற உப்புநீர், மீஞ்சூர்ப் பக்கம் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் ஏறிவிட்டது. நல்ல தண்ணீர்க் கிணறு உப்பாக மாறுவதற்குப் பெரிய அறிகுறி எதுவும் தேவையில்லை. முதலில் பருப்பு வேகாது. பிறகு சோப்பு நுரைக்காது. கடைசியில் தென்னை மட்டை காயும். வீட்டம்மாக்கள் சொல்லித்தான் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கே பல நேரம் தெரியவரும்.

நம் பக்கம் அந்த மணல்கூடக் கிடையாது. ஆவடி, பூந்தமல்லிப் பகுதியில் கொஞ்சம் தோண்டினால் பல இடங்களில் களிப்பாறை. செங்குன்றம் பக்கம் செம்பாறாங்கல். களிப்பாறையில் தண்ணீர் சுரப்பது கஞ்சன் கையில் காசு மாதிரி. அதனால்தான் நம் முன்னோர் இங்கே கிணற்றை மட்டும் நம்பாமல் ஏரிகளை வெட்டினார்கள். அம்பத்தூர் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் கொரட்டூர் ஏரிக்கு, கொரட்டூர் வழிந்தால் ரெட்டேரிக்கு. மாடிப்படி மாதிரி. ஒரு படியை உடைத்தால் தண்ணீர் படி தாண்டிக் குதிக்காது, பக்கத்து வீட்டுக்குள் போகும்.

1960-களில் தொழிற்பேட்டை வந்தது, பிழைப்பு வந்தது, நம்மில் பாதிப் பேர் அந்தச் சம்பளத்தில் படித்தவர்கள். அதைக் குறை சொல்லி என்ன பயன்? குறை, கழிவு நீருக்கு வழி செய்யாமல் விட்டதில். மழைநீர் வர வேண்டிய வரத்துக்கால் வழியாகவே சாக்கடையும் ஆலைக்கழிவும் கொரட்டூர் ஏரிக்குப் போய், அந்த ஊர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை ஏற வேண்டி வந்தது. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியைத் தூர்வாரி, நடைபாதை போட்டு, 2019-இல் படகு விட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏரியின் உடம்பு கரையில் இல்லை, வரத்துக்காலில் இருக்கிறது.

சாக்கடை ஏரியில் கலந்தால் வேதியியலில் நடப்பது எளிது. கழிவைத் தின்னும் நுண்ணுயிர் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. லிட்டருக்கு ஆறேழு மில்லிகிராம் இருக்க வேண்டியது இரண்டுக்குக் கீழே போனால், விடியற்காலையில் மீன் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். ஏன் விடியற்காலை? ராத்திரி முழுக்கப் பாசிக்கு வெயில் இல்லை, ஆக்ஸிஜன் உற்பத்தி இல்லை, செலவு மட்டும் உண்டு. செத்த மீனை எல்லோரும் பார்க்கிறார்கள், படமும் வருகிறது. அதே நீர் மண்ணில் இறங்கி நம் போர்வெல்லுக்கு நைட்ரேட்டாக வருவதை யாரும் பார்ப்பதில்லை. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு. காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடும். கைக்குழந்தைக்குப் பால் கலக்கிற வீட்டில் இது விளையாட்டு இல்லை.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்து நகரமே மிதந்தது. நாலு வருஷம் முடியவில்லை, 2019 கோடையில் நாலு ஏரியும் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்து நின்றது. எங்கே? வில்லிவாக்கத்தில். கொரட்டூர் ஏரிக்குக் கூப்பிடு தூரம். ஒரு நாளைக்கு நூறு கோடி லிட்டர் கேட்கிற நகரத்துக்கு 25 லட்சம் லிட்டர் என்பது நாலே நிமிஷத்துத் தண்ணீர். அதற்கு மாலை போட்டு வரவேற்றோம்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். ஏரிக்கரையின் மேல் பெருமரம் நடுவது கரைக்கே ஆகாது. மரம் பட்டுப்போனால் அதன் வேர் மக்கிய இடம் குழாயாகும், கரை கசியும். கரைக்குப் பெரியவர்கள் பனை வைத்ததற்குக் காரணம் அதன் நார்வேர் மண்ணைப் பின்னிப் பிடிக்கும் என்பது. உள்வாயில் நட்டால் மரம் தண்ணீர் நிற்கும் இடத்தைப் பிடிக்கும். ஆகவே பத்தாயிரம் கன்று வேண்டாம், ஐந்நூறு பனங்கொட்டை போதும். அதற்குச் செலவே கிடையாது, நம் பேரப்பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்துவிடுவார்கள்.

நிதியை இரண்டு காரியத்துக்குக் கேட்கிறேன். முதலாவது, நம் சங்கத்தில் வக்கீல் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற சர்வேயர் இருக்கிறார், தாசில்தாராக இருந்தவர் இருக்கிறார். அம்பத்தூர் முதல் ரெட்டேரி வரை உள்ள கிராமங்களின் பழைய வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் நகல் எடுத்து, எந்தெந்த சர்வே எண் வாய்க்கால், இன்று அதில் என்ன இருக்கிறது என்று நடந்து பார்த்து ஒரு வரைபடம் போடுவோம். வாய்க்கால் மேல் வீடு கட்டியவரைத் திட்டுவதற்காக அல்ல. அதில் சிலர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம், மனை விற்றவன் சொல்லியிருக்க மாட்டான். தண்ணீர் போக வேறு வழி எங்கே விடலாம் என்று பார்ப்பதற்காக. வழக்கு, மனு எதுவானாலும் அந்தத் தாள் இல்லாமல் ஓரடி நகராது.

இரண்டாவது, உறுப்பினர் வீட்டுக் கிணறு, போர்வெல் எல்லாவற்றையும் வருஷத்துக்கு இரு முறை, மே மாதமும் ஜனவரியும், சோதிப்பது. நைட்ரேட், கடினத்தன்மை, குளோரைடு, கரைந்த மொத்த உப்பு, இந்த நான்கு போதும். கல்லூரி வேதியியல் கூடத்தில் மாணவர்களே செய்யலாம், துறைத்தலைவர் சம்மதித்துவிட்டார். ஐந்து வருஷக் கணக்கு கையில் இருந்தால் எந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சம்மதம் என்பவர்கள் அடுத்த ஞாயிறு தண்ணீர் கொண்டுவாருங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், புதியதாக இருக்கட்டும். எண்ணெய், ஜூஸ் வைத்த பாட்டில் வேண்டாம். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள், மேல்தொட்டியிலிருந்து பிடிக்காதீர்கள். அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். தேதி, தெரு, கிணற்றின் ஆழம், செப்டிக் டேங்க் எத்தனை அடி தள்ளி இருக்கிறது, இந்த நாலும் எழுதி ஒட்டுங்கள். அன்று காலை பிடித்து அன்றே கொண்டுவர வேண்டும். முந்தின நாள் பிடித்து வைத்த தண்ணீரை வாங்க மாட்டோம்.